பலெர்மோவில் ஒரு வரிசை

ரொறன்ரோவுக்கும் பலெர்மோவுக்கும் ஆறு மணித்தியால வித்தியாசம். நான் வேலைக்குப் புறப்படும் நேரம் மகள் மத்தியானச் சாப்பாட்டை முடித்திருப்பாள். நான் இரவுக்கு அரிசி கழுவும்போது அங்கே நடுச்சாமம். ஒக்ரோபர் கடைசி ஞாயிறு ஐரோப்பாக்காரர் மணிக்கூட்டைப் பின்னுக்கு வைக்கிறார்கள். நாங்கள் வைப்பது நவம்பர் முதல் ஞாயிறு. இடையில் வரும் அந்த ஒரு கிழமை வித்தியாசம் ஐந்து மணித்தியாலம். பிள்ளை கொஞ்சம் கிட்ட வந்துவிட்டதுபோல் இருக்கிறது. மனத்துக்குக் கணக்குத் தெரியாது என்பார்கள். தனக்குச் சாதகமான கணக்கு அதற்கு நன்றாகவே தெரியும்.

*

மகள் வரலாறும் இத்தாலிய மொழியும் படிக்கிறாள். ஒரு செமஸ்டர் சிசிலியின் பலெர்மோவில் படிக்கப் போகிறேன் என்று சொன்னபோது என் அக்கா கேட்டா: "படிக்கவெண்டுதானே எல்லாரும் கனடாவுக்கு வருகினம், இவள் ஏன் இஞ்சயிருந்து வெளிக்கிடுறாள்?" ஸ்காபரோவில் பாதிப்பேர் அப்படித்தான் கேட்பார்கள். ஆனால் இது புதிய சங்கதியல்ல. ரொறன்ரோ பல்கலைக்கழகம் கோடை வகுப்புக்காக இத்தாலியின் சியெனா நகருக்குப் பல வருடங்களாகப் பிள்ளைகளை அனுப்பி வந்திருக்கிறது. பரிமாற்றத் திட்டத்தில் போனால் கட்டணத்தை இங்கேயே கட்டிவிட்டு அங்கே படிக்கலாம். அப்படி ஒப்பந்தம் இல்லாத இடமென்றால் லெட்டர் ஒஃப் பெர்மிஷன் என்ற கடிதத்தை முதலே எடுத்துக்கொண்டு போக வேண்டும். படித்து முடித்துத் திரும்பியதும் அந்தப் பாடங்களை இங்கே கணக்கில் சேர்ப்பார்கள். மகள் போனது இந்த இரண்டாவது வழியில்.

அங்கே புள்ளி 30க்கு. 18 எடுத்தால் சித்தி. பெரும்பாலும் வாய்மொழிப் பரீட்சை. பேராசிரியருக்கு முன்னால் கதிரையில் இருத்திக் கேள்வி கேட்பார்கள். மற்ற மாணவர்கள் பின்னால் இருந்து கேட்டுக்கொண்டிருப்பார்களாம். நினைக்கவே எனக்கு வயிற்றைக் கலக்கியது. பரீட்சைக் காலம் ஜனவரியிலும் பெப்ரவரியிலும். இங்கே ஜனவரி தொடக்கத்திலேயே அடுத்த வகுப்பு ஆரம்பித்துவிடும். நத்தாருக்கு முன் தன்னைச் சோதித்து முடிக்கும்படி ஒவ்வொரு பேராசிரியரிடமும் தனித்தனியே கேட்டு ஒழுங்கு பண்ணினாள். வீட்டில் பால் வாங்கி வரச் சொன்னால் மறந்துபோகிற பிள்ளை.

*

ஐரோப்பிய ஒன்றியத்துக்கு வெளியே இருந்து போய் மூன்று மாதத்துக்கு மேல் நிற்கிறவர்கள், இறங்கி எட்டு வேலை நாளுக்குள் வதிவிட அனுமதிக்கு விண்ணப்பிக்க வேண்டும். கனடியக் கடவுச்சீட்டு என்றாலும் விலக்கில்லை. படிவக் கட்டைத் தபால்கந்தோரில் எடுத்து, நிரப்பி, தபால்கந்தோரிலேயே கொடுக்க வேண்டும். 16 யூரோ முத்திரை ஒன்று ஒட்ட வேண்டும். அதை விற்பது புகையிலைக் கடை. பிறகு ஒரு நாள் குறித்துக் கொடுப்பார்கள். அன்றைக்குப் பொலிஸ் தலைமையகத்துக்குப் போய்ப் படம் கொடுத்து, பத்து விரலையும் பதிந்துவிட்டு வர வேண்டும்.

தபால்கந்தோர் வரிசையில் நின்றபடி மகள் போன் எடுத்தாள். முன்னுக்கு வங்காளதேசத்துப் பெடியன்கள், பின்னுக்கு ஒரு தமிழ் அம்மா. அந்த அம்மா இவளை மேலும் கீழும் பார்த்துவிட்டுக் கேட்டாவாம்: "பிள்ளை எந்த வீட்டில வேலை செய்யிறீர்?"

"இல்லை அன்ரி, நான் படிக்க வந்தனான்."

"எங்கயிருந்து?"

"கனடா."

"கனடாவை விட்டுட்டு இஞ்சயோ? ஆரும் ஏசேல்லையோ?"

மகளுக்குச் சிரிப்பு. எனக்கும் சிரிப்புத்தான். போனை வைத்த பிறகும் அந்த அம்மாவின் முதல் கேள்வி மனத்தை விட்டுப் போகவில்லை. எந்த வீட்டில வேலை. அதில் ஏளனம் இல்லை. அந்த ஊரில் தமிழ் முகத்தைக் கண்டால் இயல்பாக வருகிற விசாரிப்பு அது. 1980களிலிருந்து பலெர்மோவுக்கு வந்து சேர்ந்த எங்கள் ஆட்களில் மிகப் பலர் வீட்டு வேலையில் நின்றுதான் பிள்ளைகளை வளர்த்தார்கள். இங்கே நாங்கள் தொழிற்சாலையிலும் உணவகச் சமையலறையிலும் நின்றோம். எவர் எந்த நாட்டில் நின்றார் என்பதைப் பெரும்பாலும் தீர்மானித்தது ஆள் அனுப்பிய ஏஜென்சிக்காரன். சிலர் விஷயத்தில், இடையில் தீர்ந்துபோன காசு.

அந்த அன்ரி தன் படிவத்தில் மகளின் பேனாவால் கையெழுத்து வைத்தாவாம். மகளின் படிவத்தில் முத்திரை ஒட்டும் இடத்தைக் காட்டிக் கொடுத்தாவாம்.

*

பலெர்மோவின் முன்னாள் மேயர் லெயொலூகா ஒர்லாந்தோ 2015இல் 'பலெர்மோ சாசனம்' என்று ஒன்றை முன்வைத்தார். மனிதர் இடம்பெயர்வது உரிமை, ஆகவே வதிவிட அனுமதி என்ற முறையையே ஒழிக்க வேண்டும் என்பது அதன் சாரம். சட்டம் ரோமாபுரியின் கையில் இருக்கிறது. மேயரால் ஒழிக்க முடியாது. வரிசை அப்படியே நிற்கிறது. ஆனாலும் ஒரு நகரத்தின் மேயர் அந்த வரிசையைப் பார்த்து இது தேவையில்லை என்று எழுதி வைத்தது சின்ன விஷயமல்ல.

*

ஞாயிறு காலையில் மகள் மலை ஏறினாள். மொந்தே பெல்லெக்ரீனோ, 600 மீற்றர் அளவு உயரம். உச்சிக்குக் கீழே ஒரு குகைக்குள் சாந்தா ரொசாலியாவின் கோவில். 1624இல் பலெர்மோவில் கொள்ளைநோய் பரவியபோது அந்தக் குகையில் கிடைத்த எலும்புகளை ஊர்வலமாகக் கொண்டுவந்ததால் நோய் நின்றது என்பது ஊர் நம்பிக்கை. ஜூலையில் நகரத்துக்குள் திருவிழா, செப்டெம்பர் 4இல் மலையேற்றம்.

ஊர்க்காரர் வருடத்துக்கு ஒரு முறை பெரிதாக ஏற, தமிழர்கள் ஞாயிறுதோறும் ஏறுகிறார்கள். சைவரும் கத்தோலிக்கரும் சேர்ந்து. சிலர் வெறுங்காலோடு. வெளிநாட்டு ஆய்வாளர்கள் இதை வியப்போடு எழுதியிருக்கிறார்கள். மடு மாதா கோவிலுக்குப் போய் வந்த எவருக்கும் இதில் வியப்பில்லை. மன்னார்க் காட்டுக்குள் மாதாவுக்கு நேர்த்தி வைத்த சைவக் குடும்பங்கள் எங்கள் ஊரிலேயே எத்தனை. நேர்த்தி கேட்கிற இடத்தில் ஆள் யார் என்று சனம் பார்ப்பதில்லை. கேட்டால் தருமா என்றுதான் பார்க்கும்.

மகள் அனுப்பிய படங்களில் ஒன்றை நான் பெரிதாக்கிப் பார்த்தேன். குகையின் கூரையில் பாறை கசிகிறது. சொட்டும் நீர் ஆட்களின் தலையில் விழாமல் இருக்கத் தகரப் பீலிகளைக் கூரை முழுக்கப் பொருத்தியிருக்கிறார்கள். கோணல்மாணலாக, வெட்டி வளைத்து, ஒன்றின் வாய் மற்றதுக்குள் போகும்படி. அழகுக்காகச் செய்ததல்ல. தண்ணீர் எங்கே விழுகிறதோ அங்கே ஒரு துண்டு. கீழே பொன் ஆடையோடு புனிதை படுத்திருக்கிறா. 1787இல் ஜெர்மன் கவிஞர் கோத்தே அங்கே போய்ச் சொக்கி நின்றது அந்தச் சிலையைப் பார்த்து. எனக்குப் பீலிகள்தான் பிடித்தன.

*

இதை எழுதாமல் விட்டால் இந்தக் குறிப்புகள் பொய்.

1996 நத்தார் இரவு. சிசிலியின் தென்கிழக்கு முனையில் உள்ள போர்த்தோபாலோ என்ற மீனவ ஊருக்கு அப்பால், யோஹான் என்ற கப்பலில் இருந்தவர்களை எஃப்-174 என்ற சின்னப் படகுக்கு மாற்றினார்கள். கொந்தளித்த கடலில் கப்பலும் படகும் மோதின. இந்தியர், பாகிஸ்தானியர், இலங்கைத் தமிழர் என்று 283 பேராவது மூழ்கிப்போனார்கள். தப்பியவர்கள் கிரேக்கத்தில் இறக்கிவிடப்பட்டு, நடந்ததைச் சொன்னார்கள். அதிகாரிகள் நம்பவில்லை.

அதன் பிறகு போர்த்தோபாலோ மீனவர்களின் வலையில் உடல்கள் வந்தன. சொன்னால் விசாரணை, படகைப் பிடித்து வைப்பார்கள், தொழில் போய்விடும். திரும்பக் கடலில் போட்டார்கள். ஊர் வாய் திறக்கவில்லை. சல்வத்தோரே லூப்போ என்ற மீனவரின் வலையில் ஒரு காற்சட்டை வந்தது. அதற்குள் ஒரு தமிழ் இளைஞனின் அடையாள அட்டை இருந்தது. அவர் அதைப் பேசாமல் வைத்துக்கொள்ளவில்லை. 2001இல் 'லா ரெப்புப்ளிக்கா' செய்தியாளர் ஜொவான்னி மரியா பெல்லு அவர் காட்டிய இடத்தில் கமெராவை இறக்கினார். 100 மீற்றருக்கும் மேற்பட்ட ஆழத்தில் படகு கிடந்தது. அதற்குப் பிறகுதான் உலகம் நம்பியது.

அந்தப் படகு மூழ்குவதற்குப் பத்து வருடம் முன்பு, 1986 ஓகஸ்டில், நியூபவுண்ட்லாந்துக்கு அப்பால் 155 தமிழர்கள் இரண்டு உயிர்காப்புப் படகுகளில் பனிமூட்டத்துக்குள் மிதந்துகொண்டிருந்தார்கள். கஸ் டோல்டன் என்ற மீன்பிடிக் கப்டன் கண்டு ஏற்றினார். அவர்களில் பலர் பிறகு இந்த நகரத்துக்கும் மொன்றியலுக்கும் வந்து வீடு வாங்கி, பேரப்பிள்ளையும் கண்டுவிட்டார்கள். ஒரு கடலில் நல்ல மீனவர், மறு கடலில் கெட்ட மீனவர் என்று பிரித்து எழுத எனக்கு மனமில்லை. டோல்டன் கண்டது உயிரோடு இருந்தவர்களை. ஏற்றியதற்காக அவருடைய படகை யாரும் பறிக்கவும் இல்லை. போர்த்தோபாலோக்காரர் செய்தது பிழை. அந்தப் பிழைக்கு அவர்களைத் தள்ளிய பயத்தை உண்டாக்கிய அதிகாரிகளின் பங்கு இன்னும் பெரிது.

*

நான் பஸ் மாறுவது யோர்க் மில்ஸ் நிலையத்தில். அங்கே துணியால் தைத்த பெரிய படம் ஒன்று மாட்டியிருக்கிறது. 2010இல் வைத்தார்கள். 1960 மார்ச் 17, பக்கத்து ஹொக்ஸ் ஹொலோவில் டொன் ஆற்றுக்குக் கீழே தண்ணீர்க் குழாய்ச் சுரங்கம் தோண்டிக்கொண்டிருந்த ஐந்து இத்தாலியத் தொழிலாளர்கள் உள்ளே தீப்பிடித்ததில் செத்துப்போனார்கள். அதன் பிறகே ஒன்ராரியோ தொழிற்பாதுகாப்புச் சட்டத்தைத் தூசிதட்டி எடுத்தது. முன்பு அந்தப் படத்துக்கு முதுகைக் காட்டிக்கொண்டு பஸ்ஸுக்கு நின்றிருக்கிறேன். மகள் போன பிறகுதான் அதன் கதையை வாசித்தேன். இத்தாலியர் வேலை தேடி இந்த ஊருக்கு வந்து மண்ணுக்குக் கீழே போனார்கள். நாங்கள் அவர்களின் ஊருக்குப் போய் அவர்களின் வீடு துடைத்தோம். இப்போது என் பிள்ளை அங்கே போய் அவர்களின் வரலாற்றைப் படிக்கிறாள். இதில் எது முன்னேற்றம், எது சுற்றி வருவது என்று எனக்குத் தீர்ப்புச் சொல்ல வரவில்லை. ஒன்று மட்டும் நிச்சயம்: பாடத்திட்டத்தில் இருந்த தேவாலயங்களையும் அரண்மனைகளையும்விட அந்தத் தபால்கந்தோர் வரிசைதான் அவளுக்கு அதிகம் படிப்பித்தது. அதற்கு ஒரு பல்கலைக்கழகமும் புள்ளி போடாது.

*

மகள் போர்த்தோபாலோவைப் பற்றிக் கட்டுரை எழுதுகிறாள். "அம்மா, ரொறன்ரோவில அந்தப் படகில போன ஆக்களின்ர சொந்தக்காரர் இருப்பினமோ?" என்று கேட்டாள். இருக்கக்கூடும். இவ்வளவு தமிழர் உள்ள நகரத்தில் இல்லாமல் இருந்தால்தான் அதிசயம். உங்களில் யாருக்காவது அப்படி ஒருவரைத் தெரிந்தால், வீட்டுப் பெரியவர்கள் இருக்கும்போதே கேட்டு, போனவரின் பெயர், ஊர், கடைசியாக எங்கேயிருந்து கதைத்தார் என்ற மூன்றையும் எழுதி வையுங்கள். பிள்ளைகளைக்கொண்டு ஆங்கிலத்தில் எழுதுவித்தாலும் பரவாயில்லை.