கனவு வராத தகப்பன்மார்

மத்தேயுவின் முதல் இரண்டு அதிகாரங்களில் ஐந்து கனவுகள். நான்கு யோசேப்புக்கு, ஒன்று, ஏரோதிடம் திரும்ப வேண்டாமென்று கிழக்கிலிருந்து வந்த சாஸ்திரிகளுக்கு. குழந்தை எகிப்துக்குத் தப்பிவிடுகிறது. பெத்லெகேமின் மற்றத் தகப்பன்மாரும் அன்றிரவு தூங்கித்தான் இருப்பார்கள். அவர்களுக்குக் கனவு வரவில்லை.

தெய்வ பராமரிப்பு பற்றி யார் பேசினாலும் நான் இங்கே சிக்கிக்கொள்கிறேன். ஆதியாகமத்து யோசேப்பு தன்னை விற்ற சகோதரர்களிடம், தீமையைத் தேவன் நன்மையாக்கினார் என்கிறான். விற்கப்பட்டவனே சொல்வதால் கேட்டுக்கொள்ளலாம். பெத்லெகேமில் அதைச் சொல்ல எந்தப் பிள்ளை மிஞ்சியது?

மத்தேயுவுக்கும் இது உறுத்தியிருக்கிறது என்று படுகிறது. தீர்க்கதரிசனத்தைக் காட்டும்போது பெரும்பாலும் ‘நிறைவேறும்படி’ என்று நோக்கம் தொனிக்க எழுதுகிறவர், கிரேக்கத்தில் ‘ஹினா’. எகிப்துக்குப் போனதற்கும் அதே சொல். கொலைக்கு வந்ததும் ‘அப்பொழுது நிறைவேறிற்று’ என்று மாறிவிடுகிறது. நோக்கம் உதிர்ந்து காலம் மட்டும் நிற்கிறது. (யூதாஸின் வெள்ளிக்காசு விஷயத்திலும் இப்படித்தான்.) தேவன் இதற்காகவே செய்தார் என்றெழுதக் கை கூசியிருக்கிறது. வியாக்கியானக்காரர்கள் கவனித்திருக்கிறார்கள், பிரசங்கத்தில் நான் கேட்டதில்லை.

இன்னொன்று. ராகேலின் அழுகையை எரேமியாவின் 31ஆம் அதிகாரத்திலிருந்து எடுக்கிறார். அங்கே அடுத்த வசனத்திலேயே தேவன் அவளைத் தேற்றுகிறார். பிள்ளைகள் திரும்பி வருவார்கள் என்கிறார். மத்தேயு அதை எடுக்கவில்லை. அழுகையோடு நிறுத்திவிட்டு யோசேப்பின் அடுத்த கனவுக்குப் போய்விடுகிறார்.

சென்ற ஆண்டு ஒரு குழந்தையின் அடக்கத்துக்குப் போயிருந்தேன். போதகர் அந்த அடுத்த வசனத்தைத்தான் வாசித்தார். வாசித்து முடித்தபிறகும் தகப்பன் கையிலிருந்த மண்ணைப் போடாமல் நின்றுகொண்டிருந்தான்.