மிகுபொருளும் குறைகூலியும்

இல்லறத்தார்க்கு ஆசாரியர்கள் வகுத்த ஐந்து அணுவிரதங்களுள் இறுதியாக நிற்பது மிகுபொருள் விரும்பாமை. கொல்லாமையைப் பற்றி நாம் பேசாத நாளில்லை. புலால் மறுத்தலையும் இரவுண்ணாமையையும் நம் வீட்டுக் குழந்தைகளும் அறிவார்கள். ஆனால் ஐந்தாம் விரதத்தை நம் வீட்டுப் பெட்டிக்கும் நகைக்கும் மட்டுமே உரியதாகக் கருதி நிறுத்திவிடுகிறோம். ஒரு தொழிலின் தலைமையில் இருப்பவர் எவ்வளவு பெறலாம், அதன் அடியில் உழைப்பவர்க்கு எவ்வளவு தரவேண்டும் என்னும் கேள்வியும் அவ்விரதத்துள் அடங்கும் என்பதே இக்கட்டுரையின் கருத்து.

இதற்குச் சான்று நம் நூல்களிலேயே உண்டு. சமந்தபத்திர ஆசாரியர் இரத்தினகரண்டக சிராவகாசாரத்தில் இவ்விரதத்துக்கு ஐந்து அதிசாரங்களைக் கூறுகிறார். அளவு மீறி ஓட்டி வேலை வாங்குதல், அளவு மீறிச் சேர்த்தல், பிறர் செல்வங்கண்டு வியந்து நிற்றல், உலோபம், அளவு மீறிப் பாரம் ஏற்றுதல் என்பன அவை. பாரம் ஏற்றுதலை அவர் கொல்லாமையின் அதிசாரங்களுள்ளும் வைத்துள்ளார். ஒரே குற்றம் இரண்டு விரதங்களின்கீழ் வருவது ஏன்? சுமப்பவனுக்கு அது துன்பம். சுமத்துபவனுக்கு அது பொருட்பற்று. ஒருவனுடைய மிகுதியும் மற்றொருவனுடைய சுமையும் ஒரே செயலின் இரு பக்கங்கள் என்பதை ஆசாரியர் அன்றே கண்டிருக்கிறார். கொல்லாமையின் அதிசாரங்களுள் உணவையும் நீரையும் தடுத்தலும் ஒன்று. உழைப்பவனுக்கு உண்ணப் போதாத கூலி தருவதை இதற்கு வேறாக எண்ண முடியுமா?

இவ்விலக்கணத்தை வணிகத்திற் சிறந்த ஒரு நாட்டின் வரலாற்றோடு பொருத்திப் பார்ப்போம். செட்டிநாட்டு நகரத்தார் பர்மா, மலேயா, இலங்கை நாடுகளில் நடத்திய கடைகளில் மேலாள், அடுத்தாள், பெட்டியடிப் பையன் எனப் படிநிலைகள் இருந்தன. மேலாள் மூன்றாண்டுத் தவணைக்குக் கடல் கடந்து செல்வார்; அவருக்குச் சம்பளத்தோடு இலாபத்தில் ஒரு பங்கும் உண்டு. பையனுக்குக் கிடைத்தது சிறுதொகையே. ஊதியத்தில் வேறுபாடு இருந்தது. ஆனால் வாழ்வில் அத்தனை வேறுபாடு இல்லை. கிட்டங்கியில் இருவரும் ஒரே சமையலை உண்டனர். பெட்டிக்கு அருகே தரையிலேயே படுத்தனர். இன்றைய பையன் நாளைய மேலாளாக உயரும் வழியும் திறந்திருந்தது. கண்முன் இருப்பவனுக்கு அளவு மீறிப் பாரம் ஏற்ற எவர்க்கும் கூசும்.

ஆனால் கணக்கேட்டில் பெயராக மட்டும் இருந்தவனின் நிலை வேறு. 1930இல் கீழ்ப் பர்மாவின் 13 முக்கிய நெல் மாவட்டங்களில் பயிர்நிலத்தில் சுமார் 6 விழுக்காடு செட்டியார் கடைகளின் உடைமையாயிருந்தது. உலகப் பொருளாதார மந்தத்தால் நெல் விலை வீழ்ந்தது. கடன்பட்ட உழவர் நிலத்தை இழந்தனர். 1938இல் அவ்வளவு சுமார் 25 விழுக்காடாயிற்று. இதை ஒரு குலத்தின் குற்றமாகக் கூறுதல் நம் நோக்கமன்று. அவர்கள் விரும்பியது வட்டியை, நிலத்தையன்று. அவர்களும் ஐரோப்பிய வங்கிகளுக்குக் கடன்பட்டிருந்தவர்களே. ஆயினும் நட்டம் வந்தபோது அதன் முதற் சுமை எவன் தலையில் இறங்கியது என்பதே அறத்தின் கேள்வி. அவ்வாறு சேர்ந்த நிலமும் நிலைக்கவில்லை. 1942இல் போர் வந்தது. 1948இல் பர்மாவில் நில நாட்டுடைமைச் சட்டம் வந்தது.

இன்றைய பெருநிறுவனங்களில் கிட்டங்கியின் அண்மையும் இல்லை. மேலே இருப்பவர் கீழே இருப்பவரை முகமறியார். இந்நிலையில் சட்டம் ஓர் எல்லை வகுக்க முயன்றது. 1956ஆம் ஆண்டின் நிறுவனச் சட்டம், பொது நிறுவனத்தின் நிருவாகிகள் அனைவரும் பெறும் ஊதியம் நிகர இலாபத்தில் 11 விழுக்காட்டைத் தாண்டலாகாது என்றது. 2013ஆம் ஆண்டின் சட்டமும் அவ்வளவையே கொண்டது. பங்குச் சந்தையில் உள்ள நிறுவனம், தன் இயக்குநர் ஒவ்வொருவரின் ஊதியமும் ஊழியரின் இடைநிலை ஊதியத்தைப்போல் எத்தனை மடங்கு என்று வெளியிட வேண்டுமென்றும் விதித்தது. எனினும் எல்லையைத் தாண்ட முன்பு நடுவண் அரசின் இசைவு வேண்டியிருந்தது. 2018 செப்டம்பர் முதல் பங்குதாரரின் சிறப்புத் தீர்மானமே போதும். அத்தீர்மானத்தில் தொழிலாளிக்கு வாக்கில்லை. தலைவருக்குத் தலைவர் ஊதியத்தை ஒப்பிட்டு, அவருக்கு அவ்வளவென்றால் இவருக்கு இவ்வளவு என உயர்த்தும் வழக்கமும் உண்டு. ஆசாரியர் வியத்தல் என்று அதிசாரமாக வைத்தது இதனையன்றோ!

பெரும்பொறுப்பு உடையவர்க்குப் பெரும் ஊதியம் வேண்டாவா என்று கேட்பர். பொறுப்புக்குச் சற்று மிகுதி தருதல் நேரிதே. ஆனால் பொறுப்பு என்பது நட்டத்தையும் ஏற்பதாகும். தொழில் நலியும்போது தலைவர் வேறிடம் செல்லலாம். தொழிலாளிக்கு அவ்வாலையே ஊர். அரசே உரிமையாளரானால் எல்லாம் சீராகும் என்பதும் முழுமையன்று. காளையார்கோவிலின் காளீசுவரா ஆலை உட்பட, தேசியப் பஞ்சாலைக் கழகத்தின் ஆலைகள் 2020 மார்ச்சில் ஊரடங்கின்போது நின்றன. ஊரடங்கு நீங்கிய பின்னும் நெடுங்காலம் ஓடவில்லை. உடைமை மாறினும், சுமப்பவனைக் காணும் கண் திறவாவிடில் பயனில்லை.

1927இல் காந்தியடிகள் செட்டிநாட்டுக்கு வந்தபோது, சிராவயலில் ஆசிரமம் நடத்திய இளைஞர் ஜீவானந்தத்தைச் சந்தித்தார். செல்வர் தம் செல்வத்துக்குத் தருமகர்த்தராக இருக்க வேண்டும் என்பது காந்தியடிகளின் நெறி. பின்னாளில் பொதுவுடைமைத் தலைவரான ஜீவாவோ, உழைப்பவனுக்கு உரியதைச் செல்வரின் மனத்துக்கு விட்டுவைக்கலாகாது என்னும் அணியில் நின்றார். நம் விரதம் இவ்விருவர்க்கும் இடமளிக்கிறது. தானே எல்லை வகுத்துக்கொள் என்பதால் அது மனத்தின் நெறி. எல்லையை எண்ணிச் சொல், மீறினால் குற்றம் என்பதால் அது கணக்கின் நெறி.

தானத்தால் இக்குறை தீராதோ எனலாம். தானம் பெரிதே. காரைக்குடியில் மின்வேதியியல் ஆய்வகம் அமைய வள்ளல் அழகப்பர் 300 ஏக்கர் நிலமும் 15 இலட்சம் ரூபாயும் ஈந்ததை நாடு போற்றுகிறது. எனினும் நம் நூல் முறையில் அணுவிரதங்கள் முன். தானம் அடங்கிய சிட்சாவிரதம் பின். கூலி கடன், தானம் ஈகை. கடனைக் குறைத்து ஈகையைப் பெருக்குதல் முறையாகாது.

நம்மவருள் நிலமுடையோர் உளர். கடையும் ஆலையும் நடத்துவோர் உளர். நிறுவனங்களில் உயர்பதவி வகிக்கும் இளைஞரும் உளர். பொருளுக்கு அளவு வகுக்கும் நாளில், நம்மிடம் உழைப்பவருள் மிகக் குறைவாகப் பெறுபவர் யார், நாம் பெறுவது அவர் பெறுவதைப்போல் எத்தனை மடங்கு, அவர் கூலியில் அவர் குடும்பம் உண்டு, உடுத்து, பிள்ளைகளைப் படிக்கவைக்க இயலுமா என்னும் மூன்றையும் எழுதிப் பார்ப்போமாக. எழுதிய பின் அந்த மடங்கு நம் மனத்தை உறுத்துமாயின், அடுத்த மாதத்திலேயே குறைப்போமாக. எறும்புக்கும் இரங்கும் நெறி நம்முடையது. நமக்காக உழைக்கும் மனிதனுக்கு இரங்காமல் அது நிறைவுறாது.

அறம் வளர்க!