முப்பது அலகு வீட்டின் வழக்கு

சீகிரியாவில் நீச்சல் தடாகத்துக்கு விளக்குப் போடும் ஹோட்டலும் உண்டு, மாதம் முப்பது அலகைத் தாண்டாத வீடும் உண்டு. அந்த வீட்டின் முற்றத்து விளக்கை ஆடம்பரம் என்று சொல்ல முடியாது. இரவில் யானை வரும் பக்கம் அது. மின்கட்டணத்தை நிர்ணயிப்பவர் இந்த இரண்டையும் எப்படி நிறுப்பது?

2022 ஆகஸ்டுக்கு முன் அந்த வீட்டுக்கு அலகு 2.50 ரூபாய், நிலையான கட்டணம் 30. பட்டியல் 105 ரூபாய். ஆகஸ்டில் அது 360 ஆனது. 2023 பெப்ரவரியில் அலகு 30, நிலையான கட்டணம் 400 என்றாகி 1,300 ரூபாய். அரை வருடத்தில் பன்னிரண்டு மடங்கு.

மின்சார சபையின் பக்கத்திலும் நியாயம் உண்டு. பல வருடம் கட்டணம் ஏற்றாததால் வந்த நட்டத்தை அரச வங்கிகளும் திறைசேரியும் சுமந்தன. திறைசேரியின் பணம் யாருடையது? கடையில் வாங்கும் பொருளுக்கெல்லாம் மறைமுக வரி கட்டும் அதே வீட்டினுடையதும்தான்.

ஆனால் 2023 ஜூலையில் கட்டணம் சராசரியாக 14.2 வீதம் குறைந்தபோது, அந்த வீட்டின் பட்டியல் 1,300இலிருந்து 450க்கு இறங்கியது. அப்படியானால் பெப்ரவரியில் பாரத்தை அங்கே இறக்கியது கணக்கின் கட்டாயம் அல்ல. அது ஒரு தெரிவு.

2002ஆம் ஆண்டின் 35ஆம் இலக்கச் சட்டத்தில் பிறந்த பொதுப் பயன்பாடுகள் ஆணைக்குழு அந்தப் பெப்ரவரி உயர்வைப் பெரும்பான்மையால் அங்கீகரித்தது. தலைவர் ஜனக ரத்நாயக்க எதிர்த்தார். 2023 மே 24ஆம் திகதி பாராளுமன்றம் 123க்கு 77 என்ற வாக்கில் அவரைப் பதவி நீக்கியது. அவர்மீதான குற்றச்சாட்டுகள் ஒருபுறம் இருக்கட்டும். நீதிபதியின் நாற்காலியில் இருந்துகொண்டு வழக்கறிஞராகவும் பேசுவது எளிதல்ல. பேசாவிட்டால் வீட்டுக்காகப் பேச வேறு ஆளும் இல்லை. பாவனையாளர் ஆலோசனைக் குழுவுக்குச் சட்டத்தில் இடம் உண்டு, ஆலோசனை சொல்ல மட்டும். பகிரங்க விசாரணைக்கு ஹோட்டல் தன் கணக்காளரை அனுப்பலாம். கூலிக்குப் போகிறவர் ஒருநாள் சம்பளத்தை இழந்துதான் வரவேண்டும். சபையின் கணக்கேட்டைத் திறந்து பார்க்கும் அதிகாரத்தோடு, வீட்டுப் பாவனையாளருக்கென்று தனி வழக்கறிஞரை அரசு தன் செலவில் அமர்த்துவதே நேர்மை. தன்னையே எதிர்க்க அரசு சம்பளம் கொடுப்பதா என்று சிரிக்கலாம். அமெரிக்க மாநிலங்கள் பலவற்றில் அப்படித்தான் நடக்கிறது.

2025 ஜனவரித் திருத்தத்தின்போது, இருந்த கட்டணமே தொடரட்டும் என்றது சபை. விசாரணை நடத்திய ஆணைக்குழு சராசரியாக 20 வீதம் குறைத்தது. வீடுகளுக்கு 20, ஹோட்டல்களுக்கு 31. ஹோட்டல் பிழைத்தால் ஊருக்கு வேலை என்பது நல்ல வாதம்தான். அதை எடுத்துச்சொல்ல ஹோட்டலுக்கு ஆள் உண்டு.