முயலகனும் பாவக் கணக்கும்

இலங்கை மலையகத்தில் பூண்டுலோயாவைச் சுற்றியுள்ள தேயிலைத் தோட்டங்களில் ஒரு பிள்ளை வலிப்பு வந்து விழுந்தால், பல தொழிலாளர் லயங்களில் முதலில் தேடப்படுவது இரும்பு. சாவியோ கவ்வாத்துக் கத்தியோ, அகப்பட்டதைக் கையில் திணிப்பார்கள். பிறகு விபூதி, தாயத்து, கோடங்கி. தோட்டத்து டிஸ்பென்சரியும் நுவரெலியா ஆஸ்பத்திரியும் அதற்கப்புறம்தான். இந்த வரிசையைக் கேலி செய்வது எளிது. அடுத்த காம்பராவிலிருந்து எழும் கேள்விதான் கடினமானது: இது யார் செய்த பாவம்?

7ஆம் நூற்றாண்டில் கொல்லி மழவன் என்ற சிற்றரசனின் மகளை முயலகன் எனப்பட்ட வலிப்பு நோய் வாட்டியது. செய்த வைத்தியம் எதுவும் பலிக்காமல் போன பிறகு, அவளைத் திருப்பாச்சிலாச்சிராமத்துக் கோயிலில் கொண்டுவந்து கிடத்தினான் என்கிறது பெரியபுராணம். அங்கே வந்த திருஞானசம்பந்தர் பெண்ணின் முற்பிறவியைத் துருவவில்லை, தகப்பனிடம் குற்றம் தேடவில்லை. இவளை வாட வைப்பது உமக்குப் பெருமையா என்று பாட்டுக்குப் பாட்டு சிவனையே கேட்டார். பதிகம் முடிந்ததும் அவள் எழுந்து நடந்தாள் என்பது பக்தர்களின் நம்பிக்கை. நம்பாதவரும் அந்தக் கேள்வி யாரைப் பார்த்துக் கேட்கப்பட்டது என்பதைக் கவனிக்கலாம்.

அந்தத் தலம் இன்றைய திருவாசி, திருச்சிக்குப் பக்கம். கோப்பிக் காலம் தொட்டு மலையகத்துக்கு ஆள் வந்த சீமைகளில் திருச்சியும் ஒன்று. மாரியம்மனும் மாடசாமியும் முனியாண்டியும் கூடவே கடல் தாண்டி வந்தார்கள். சம்பந்தரின் துணிச்சலை மட்டும், கடல் தாண்டுமுன் தொழிலாளர்களை நோய்ச் சோதனைக்கு நிறுத்திய மண்டபம் முகாமில் பிடித்து வைத்துக்கொண்டார்கள் போலும்.

பண்டைய கிரேக்கத்தில் வலிப்பை 'புனித நோய்' என்றார்கள். மற்ற நோய்களைவிட இதில் தெய்விகம் ஒன்றும் கூடுதலாக இல்லை, மூளையில் தொடங்குவதுதான் என்று ஹிப்போகிரட்டீஸ் பெயரால் வழங்கும் நூல் சுமார் கி.மு. 400இலேயே வாதிட்டது. மூளை நரம்பணுக்களின் மின்னோட்டம் சற்று நேரம் கட்டுமீறுவதே வலிப்பு. பிரசவத்தில் மூச்சுத்திணறல், தலைக்காயம், மூளைக்காய்ச்சல் எனக் காரணம் பல. காரணமே பிடிபடாதவர்களும் ஏராளம். உலக சுகாதார நிறுவனத்தின் கணக்கில் இந்நோய் உள்ளவர்கள் சுமார் 5 கோடி. முறையான சிகிச்சை கிடைத்தால் 70 சதவீதம் பேர் வரை வலிப்பின்றி வாழலாம்.

அப்படியென்றால் திருவிழாவில் சாமியாடுவதும் நோயா? இல்லை. தப்பும் உடுக்கும் அழைக்க வருகிற சாமி குறி சொல்லும், கற்பூரம் காட்டினால் மலையேறும். வலிப்பு யார் அழைப்புக்கும் காத்திருப்பதில்லை. தண்ணீர்ப் பீலிக்கரையிலும் வரும், அடுப்படியிலும் வரும், விழுந்தவரால் பேசவும் முடியாது. இரண்டிலும் சேராத மூன்றாவது வகையும் உண்டு. மனத்தின் பாரம் உடலில் வலிப்பாக வெளிப்படும். மூளையின் மின்பதிவில் கோளாறு தெரியாது. அதற்காக அவர்கள் நடிக்கிறார்கள் என்று அர்த்தமில்லை.

பாவக் கணக்கு பெரும்பாலும் பெண் தலையிலேயே எழுதப்படுகிறது. இந்தியாவின் இந்து திருமணச் சட்டமே 1999 வரை வலிப்பு நோயை ஒரு தடையாக வைத்திருந்தது. நோயை மறைத்துக் கட்டிக்கொடுக்கப்பட்டவள் மாத்திரையையும் ஒளித்தே விழுங்க வேண்டும். இலங்கையின் அரச கிளினிக்கில் மருந்து இலவசம்தான். ஆனால் அங்கே போய்வந்தால் ஒரு நாள் பேர், அதாவது அன்றைய கூலி, போய்விடும்.

காப்புக் கட்டியவர்கள் திருவிழாவில் இரவெல்லாம் விழித்திருப்பார்கள். அவர்களில் வலிப்பு நோய் உள்ளவருக்குத் தூக்கம் கெட்டாலும் மாத்திரை தவறினாலும் வலிப்பு திரும்பலாம். விபூதி பூசும்போதே "மாத்திரை போட்டியா?" என்று பூசாரி ஒரு வார்த்தை கேட்டால் விரதம் ஒன்றும் கெட்டுவிடாது.