ஆளுக்கு ஒரு வெள்ளி

அந்தக் காலத்தில் தஞ்சைக் களத்துமேட்டில் நெல் அளப்பவர் முதல் மரக்காலை ‘ஒன்று’ என்று சொல்லமாட்டார், ‘லாபம்’ என்பார். குவியல் வீடு சேருமுன் கோயிலுக்கு, தச்சருக்கு, கொல்லருக்கு, காவலுக்கு என்று பங்கு பிரியும். அறுத்தவர்களுக்குக் கூலிநெல் கடைசியில் கிடைக்கும். யார் முன்னால் நிற்பது, யார் எட்ட நிற்பது என்பதைச் சாதி முடிவு செய்தது.

அப்படி எட்ட நின்ற குடும்பங்களில் பல, நாகப்பட்டினத்தில் கப்பலேறி மலாயாவின் பினாங்குக்குப் போயின. ரப்பர் தோட்டத்துப் பால்மரக் காடும் லயத்து வரிசை வீடும் வாழ்க்கையாயின.

அதன்பின் போர் வந்தது. 1942-ல் மலாயாவைப் பிடித்த ஜப்பானியர், சயாமையும் பர்மாவையும் இணைக்க 415 கிலோமீட்டர் ரயில் பாதை போடத் தோட்டங்களிலிருந்து ஆட்களைக் கொண்டுபோனார்கள். பட்டினியிலும் காலராவிலும் அடியிலும் பல்லாயிரம் தமிழர்கள் அந்தக் காட்டிலேயே மாண்டார்கள். தப்பியவர்கள் 1945-க்குப் பிறகு திரும்பி வந்து, மறுபடி பால்வெட்டும் உளியைப் பிடித்தார்கள்.

இவ்வளவையும் பார்த்த மனிதர்கள் தங்கள் பிழைப்பை மட்டும் கவனித்திருந்தால் யாரும் குறை சொல்லியிருக்க முடியாது. ஆனால் அடுத்த பத்தாண்டுக்குள் அந்தச் சமூகத்திடம் ஒருவர் கை நீட்டினார். திருவாரூரில் 1903-ல் பிறந்து, 1924-ல் சிங்கப்பூர் போய், 1935-ல் ‘தமிழ் முரசு’ இதழைத் தொடங்கிய கோ. சாரங்கபாணி அவர். மலாயாப் பல்கலைக்கழகத்தில் இந்திய இயல் துறை வரவிருந்தது. அங்கே முதலிடம் சமஸ்கிருதத்துக்கா, தமிழுக்கா என்ற கேள்வி எழுந்தது. தமிழுக்காக எழுதியும் பேசியும் போராடிய சாரங்கபாணி, அந்தத் துறைக்குத் தமிழ் நூலகம் அமைக்க ‘தமிழ் எங்கள் உயிர்’ என்ற நிதியைத் தொடங்கினார். அவர் கேட்டது ஆளுக்கு ஒரு வெள்ளி, அதாவது ஒரு மலாயா டாலர்.

அந்தத் தொகையில்தான் விஷயம் இருக்கிறது. பெரிய செட்டியார்கள் நாலு பேரிடம் போயிருந்தால் வேலை சீக்கிரம் முடிந்திருக்கும். கல்வெட்டில் நாலு பெயர் நின்றிருக்கும். ஒரு வெள்ளி என்றதும் கடைக்காரரும் பால்மரம் வெட்டுபவரும் ஒரே வரிசைக்கு வந்துவிட்டார்கள். களத்துமேட்டில் பங்கு வாங்க எட்ட நின்றவர்களின் பிள்ளைகள், இங்கே பங்கு அளந்து போடுபவர்கள் ஆனார்கள். முன்னால் பின்னால் என்ற வரிசை இதில் இல்லை.

துன்பத்திலிருந்து மீண்டவர்கள் இப்படிக் கொடுப்பதை வேறிடத்திலும் காணலாம். ஹிட்லரின் வதைமுகாம்களிலிருந்து தப்பி அமெரிக்காவில் குடியேறிய யூதர்களில் பலரும் வாழ்நாள் முழுக்கத் தங்கள் சமூக நிதிகளுக்குக் கொடுத்து வந்தார்கள். எபிரேய மொழியில் கொடைக்கு வழங்கும் சொல் ‘செதாக்கா’. அது இரக்கம் என்ற சொல்லிலிருந்து வரவில்லை. நீதி என்ற சொல்லிலிருந்து வந்தது. கொடுப்பவர் உயர்ந்துவிடுவதில்லை, சேரவேண்டியதைச் சேர்க்கிறார், அவ்வளவே. மலாயாத் தமிழர் அந்தச் சொல்லைக் கேட்டிருக்கமாட்டார்கள். பொருளை வாழ்ந்து காட்டினார்கள்.

1956-ல் துறை தொடங்கியது. தமிழ் அதன் முதன்மை மொழியானது. பின்னர் அது கோலாலம்பூருக்கு இடம் மாறியது. தோட்டத்துப் பள்ளியில் ஆறாம் வகுப்பைத் தாண்டுவதே அரிதாக இருந்த காலம் அது. சம்பளத் தேதியன்று கடைப்பாக்கி தீர்த்து, மிஞ்சியதில் ஒரு வெள்ளியை எடுத்து வைத்தவருக்குப் பல்கலைக்கழகம் எந்தத் திசையில் இருக்கிறது என்பதுகூடத் தெரிந்திருக்க வேண்டியதில்லை. அங்கே அலமாரியில் ஏறிய புத்தகத்தை, அவர் பார்க்கவே போகாத யாரோ ஒருவருடைய பேத்தி எடுத்துப் பிரிக்கவேண்டும் என்றுதான் அந்த வெள்ளி போனது.