துளைத்தகடும் மூன்று அளவைகளும்
தமிழில் 'அளவை' என்ற சொல்லுக்கு இரண்டு வேலை. படியும் மரக்காலும் அளவை. நாம் ஒன்றை அறியும் வழியும் அளவை. மணிமேகலையின் அளவைவாதி அப்படிப்பட்ட வழிகள் பத்து என்கிறான். சிவஞான சித்தியார் அவற்றைக் காண்டல், கருதல், உரை என்று மூன்றுக்குள் அடக்கிவிடும். இரண்டு பொருளும் ஒரு சொல்லில் தற்செயலாகக் கூடவில்லை என்பது ஆரிஃபைஸ் மீட்டரைப் பார்த்தால் விளங்கும். குழாயின் இரு ஃபிளேஞ்சுகளுக்கு நடுவே ஒரு வட்டத் தகடு, அதில் கூரிய விளிம்புள்ள ஒரு துளை. ஓட்டம் அங்கே நெருக்குண்டு வேகமெடுக்கிறது. வேகம் கூடிய இடத்தில் அழுத்தம் இறங்குகிறது. தகட்டின் இரு பக்க அழுத்த வித்தியாசம் நான்கு மடங்கானால் ஓட்டம் இரண்டு மடங்கு. இந்த வர்க்கமூல உறவின் வேர் டாரிசெல்லி 1644-இல் வெளியிட்ட நூலில் இருக்கிறது. கேஜில் கண்டது அழுத்தம். ஓட்டம் என்று எழுதிக்கொள்வது கருதல்.

கண்ணில் படாததை ஏன் நம்ப வேண்டும் என்பார் உலோகாயதர். கண்ணில் பட்டதை மட்டும் அளந்தால் என்ன ஆகும் என்பதற்கு ரோம் சாட்சி. கி.பி. 97-இல் அந்நகரின் நீர்ப் பொறுப்பை ஏற்ற ஃப்ரொண்டினஸ், குழாய் வாயின் பரப்பைக் கொண்டே நீரைக் கணக்கிட்டார். வேகமும் முக்கியம் என்று அவருக்குத் தெரியும். அதைக் கணக்கில் சேர்க்கத்தான் வழியில்லை. ஏடும் அளவும் ஒத்துப்போகாதபோது திருட்டைக் காரணம் காட்டினார். திருட்டும் இருந்திருக்கும்தான்.

இதைவிடக் கடினமான ஆட்சேபம் ஒன்று உண்டு. சூத்திரம் மட்டும் போதாது. துளையைக் கடந்த பின்னும் தாரை சுருங்குவதால், கூர்விளிம்புத் துளையில் உண்மையான ஓட்டம் சூத்திரம் தருவதில் சுமார் 0.6 பங்குதான். அந்த எண், யாரோ தொட்டியில் நீரைப் பிடித்து நிறுத்துப் பார்த்துச் சொன்னது. அதாவது உரை. அப்படியானால் ஆகமத்தை நம்புகிறவருக்கும் பொறியாளருக்கும் என்ன வேறுபாடு? உரையை ஏற்பதில் இருவரும் ஒன்றே. அதில் கூச்சப்பட எதுவும் இல்லை. ஆனால் பொறியாளரின் உரையோடு அந்தத் தொட்டியும் வருகிறது. ஐயமுள்ளவர் மறுபடி நிறுத்துப் பார்க்கலாம்.

கருதலுக்கும் நிபந்தனை உண்டு. நெருப்பிருந்தால் புகை என்பது விறகு ஈரமாக இருக்கும்வரைதான் என்பார்கள் தருக்க நூலார். இங்கே ஈர விறகு அந்த விளிம்பு. அது தேய்ந்து மழுங்கினால் நீர் தாராளமாகப் போகும், வித்தியாசம் குறையும், கேஜ் முள் நடுக்கமில்லாமல் குறைத்துச் சொல்லும். அதனால்தான் தகட்டைக் கழற்றி, விளிம்பில் வெளிச்சம் பட்டு மின்னுகிறதா என்று கண்ணால் பார்க்கிறார்கள்.