குழுவைத் தெரிவது யார்?

ஒரு நாட்டின் உதைபந்தாட்டக் குழுவைத் தெரிவுசெய்யும் உரிமை யாருக்குரியது? தேநீர்க் கடையில் இருந்து வாதிடும் இரசிகனுக்கும் அதில் பங்குண்டு என்பதே நமது எண்ணம். அவன் பெரும்பாலும் தவறாகவே சொல்வான். ஆயினும் அவன் கையில் தடியில்லை. பயிற்றுநர் அவனை அச்சமின்றி மறுக்கலாம்.

1969இல் பிரேசில் குழுவின் பயிற்றுநரான ஜோவாவ் சல்தானியா பத்திரிகையாளர், பொதுவுடைமைவாதி. தகுதிகாண் ஆட்டங்கள் ஆறிலும் அவரது குழு வென்றது. இராணுவ ஆட்சியின் தலைவர் மெடிசி, டாரியோ என்னும் முன்கள வீரரைக் குழுவிற் காண விரும்பினார். சல்தானியா இணங்கவில்லை. 1970 மார்ச்சில், உலகக் கிண்ணத்துக்குச் சில மாதங்களே இருக்கையில், நீக்கப்பட்டார்.

அவரைத் தியாகியாக்க நாம் முனையவில்லை. முன்கோபி, பெலேயின் கண்பார்வையிலேயே ஐயங்கொண்டவர். நீக்கத்துக்கு இவையும் காரணங்களாகச் சொல்லப்பட்டன. அடுத்து வந்த சகாலோவோ ஆட்டமறிந்தவர். நடுக்கள வீரரான பியாசாவைப் பின்காவலில் நிறுத்தினார். தத்தம் கழகங்களில் ஆட்டத்தின் மையமாயிருந்த பெலே, டொஸ்தாவோ, ஜேர்சன், றிவெலினோ, ஜெயர்சினோ ஐவரையும் ஒருங்கே களமிறக்கினார். ஒருவருக்கொருவர் இடம்விட்டு அவர்கள் ஆடிய அழகை என்னென்பது! இறுதியாட்டத்தில் இத்தாலி 4–1 எனத் தோற்றது.

வெற்றிதான் கிட்டிற்றே, இனி வழக்கென்ன என்பார் உளர். அந்த வெற்றியை ஆட்சியாளர் தமதாக்கிக் கொண்டாடியதை அவர்கள் மறந்துவிடுகின்றனர்.

டாரியோவும் மெக்சிக்கோ சென்றார். ஒரு நிமிடமேனும் ஆடவில்லை. அவர் கோலடிப்பதில் வல்லவரே. ஆயினும், தகுதியால் வந்தாரா, தயவால் வந்தாரா என்ற கேள்வி அவரை விட்டு அகலவேயில்லை.